நீலமா, மஞ்சளா?

அன்புள்ள குட்டிம்மா,

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு உன் மாமா என் முகத்தைப் பார்த்து, "மச்சான், எது எதுன்னு மறந்துபோச்சு" என்றான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன், அப்பா நன்றாக இருக்கிறேன், அதாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுகிறேன், வேலைக்குப் போகிறேன், இதற்கு மேல் இப்போது கேட்காதே. நீ அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்புகிறேன்.

அம்மா சாகும் முன் போட்டு வைத்த இனிப்புக் காரச் சாஸில் கடைசிக் கால் பாட்டிலை, நீ லீவில் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா, தொட்டுவிட்டேன். அது தீர்ந்தால் இந்த வீட்டில் அந்த ருசியே தீர்ந்தது என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பெயிண்ட் கம்பெனியில் ஒரு டப்பா சிவப்பு மாதிரியே அடுத்த டப்பா சிவப்பும் இருக்கிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், பொண்டாட்டி செய்த சாஸை மறுபடி செய்ய முடியாதா என்று இறங்கிவிட்டேன். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, எவ்வளவு வேகமாக வழிகிறது, எல்லாவற்றையும் அளந்தேன் (பயப்படாதே, பெயிண்ட் படாத புதுக் கோப்பை). அம்மா எதை அளந்தாள்? "முதல்ல கொஞ்சணும், அப்புறம் கிள்ளணும்" என்பாள், அவ்வளவுதான் அவள் செய்முறை. நான் முதலில் செய்தது எடுத்த எடுப்பிலேயே அறைந்தது. அடுத்தது கொஞ்சிக்கொண்டே இருந்தது, கிள்ளவே இல்லை, ஜாம். வினிகரில் மிளகாய் கொதித்த நெடியில், அம்மா போன அன்றைக்கும் வராத தண்ணீர் கண்ணிலிருந்து கொட்ட, ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு டெய்லரக்கா ஓடி வந்து, "இத்தனை மாசமா கல்லு மாதிரி இருந்தீங்களே தம்பி, நல்லா அழுதுடுங்க" என்று முதுகைத் தடவினார். மிளகாய் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு அவருக்கும் நெடி ஏறி, இரண்டு பேரும் ஜோடியாக இருமி இருமி அழுதோம்.

போன வாரம் ஒன்று அமைந்தது. பூண்டை நறுக்காமல் நசுக்கினேன், மிளகாய் விதையில் பாதியை எடுத்துவிட்டேன். இனிப்பு நாக்கில் சொகுசாகப் படுத்தது, கொஞ்சம் பொறுத்துக் காதோரம் சுரீரென்றது. ஆனால் தான் கலந்ததைத் தானே பாஸ் பண்ணக்கூடாது என்பது எங்கள் வேலையில் சட்டம். அதனால் அம்மாவுடையதையும் என்னுடையதையும் ஒரே மாதிரி பாட்டில்களில் ஒரே அளவு ஊற்றி, ஒன்றில் நீல ஸ்டிக்கர், ஒன்றில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி மாமாவைத் தனியாக உள்ளே அனுப்பினேன். எந்த நிறம் யாருடையது என்று எங்கேயும் எழுதாதே, எழுதினால் நான் எட்டிப் பார்த்துவிடுவேன், மனசிலேயே வைத்துக்கொள் என்றேன். யார் மனசில், உன் மாமா மனசில்! சொந்தக் கல்யாண நாளை அத்தை ஞாபகப்படுத்த வேண்டிய ஆள்.

எது அம்மாவுடையது என்று எல்லோரும் வறுத்த உருளைக்கிழங்கைத் தொட்டு ருசி பார்த்தார்கள். டெய்லரக்கா நீலம் என்றார். அத்தை, "எங்க நாத்தனார் கை எனக்குத் தெரியாதா, மஞ்சள்தான்" என்றாள். "இத்தனை வருஷம் ஜன்னல் வழியா வாங்கித் தின்னவ நானு" என்று டெய்லரக்கா எகிற, மாமா இரண்டிலும் மாறி மாறித் தோய்த்து உருளைக்கிழங்கைக் காலி பண்ணிக்கொண்டிருந்தான். "சொல்லுடா" என்றேன். அப்போதுதான், முதலில் எழுதினேனே, அதைச் சொன்னான்.

கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பாய். இரண்டுக்கும் எல்லா எண்ணும் ஒன்றாக வரவேண்டும் என்றுதானே நாய் படாத பாடு பட்டேன், வந்துவிட்டது. அவனைத் திட்டிவிட்டேன், பாவம், அவனுக்கும் அக்காதானே. எல்லோரும் போனபின் ஃப்ரிட்ஜைத் திறந்து, நீலத்தை அம்மாவுடையது என்று நினைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. மஞ்சளையும் அப்படி நினைத்தேன், அதுவும் சரியாக இருந்தது. ஒரு பாட்டில் இருந்த இடத்தில் இப்போது அம்மா இரண்டு பாட்டில் இருக்கிறாள். தப்புக் கணக்கு என்று தெரியும், எனக்குப் பிடித்திருக்கிறது. என்மேல் கோபப்படு, நியாயம்தான். இரண்டும் உனக்குத்தான். வந்து சாப்பிடும்போது உன் நாக்குக்குத் தெரிந்துவிட்டால் முகத்தில் மட்டும் காட்டிவிடாதே.

நீ நோய்நொடி இல்லாமல், எங்களைவிட நிறைய வருஷம் சிரித்துக்கொண்டு இருக்கவேண்டும். வெறும் வயிற்றில் காரம் சாப்பிடாதே. கிழிந்த ஸ்வெட்டரை மறக்காமல் கொண்டு வா, டெய்லரக்கா தைத்துத் தருகிறாராம். என்றைக்கு வருகிறாய் என்பதைக் கடிதத்திலேயே எழுது. மாமாவுக்கு ஞாபகம் வர ஆரம்பித்திருக்கிறது, சற்றுமுன் இரண்டு தடவை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. ஃபோனை அணைத்துவிட்டேன்.

உன் அப்பா