ரேடாரில் சிக்காத ஷெட்

விருதுநகர், 12.8.2007

அன்புள்ள அப்பாவுக்கு, இசைவாணி எழுதுவது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா?

பள்ளிக் கண்காட்சிக்குத் தீப்பெட்டி அட்டையில் ஸ்டெல்த் போர் விமானம் செய்தேன். அதன் சரிவான பக்கங்களில் படும் ரேடார் அலை வேறு திசைக்குப் போய்விடுவதால் எதிரிக்கு விமானம் தெரியாது என்று விளக்கினேன். விருந்தினராக வந்த உங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி சிரித்தார்.

"ஏத்தா, நம்ம முள்ளுக்காட்டு ஷெட்டும் இப்படித்தான். லைசென்ஸ் கேக்குற எந்த ஆபீசர் கண்ணுலயும் படாது!"

"அதுக்குள்ளதான் எங்கப்பா மருந்து கலக்காக, சார்."

"அப்ப உங்கப்பனும் ரேடார்ல சிக்க மாட்டான்!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் பரிசாகக் கொடுத்த பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அங்கே தீப்பிடித்தால் யாருக்குத் தெரியும்? வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள், அப்பா. போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலையும் வேண்டும். விடுதியில் விளக்கை அணைக்கப் போகிறார்கள்.