நிக்காஹ் வாரத்துக் காய்ச்சல்

நவம்பர் 18, 2024, திங்கள்
ஞாயிற்றுக்கிழமை தம்பி அன்வர் பாட்சாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கிறான். மெடிக்கலில் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வாங்கிப் போட்டும் உடம்புவலி விடவில்லையாம். என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "வெளிநாட்டு மருந்துடா, சட்டுன்னு கேக்கும்."

நவம்பர் 20
சோறு இறங்கவில்லை. "நிக்காஹுக்குள்ள எந்திரிச்சிரணும் லாத்தா" என்று அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே மூன்றையும் மாற்றி மாற்றி விழுங்குகிறான். ராத்திரியெல்லாம் வாந்தி.

நவம்பர் 21
கண் மஞ்சள். யா அல்லாஹ். மீமிசல் டாக்டர் பார்த்ததுமே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 22
புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். என்ன போட்டான் என்று டாக்டரம்மா கேட்டார். பையிலிருந்த அட்டைகளைக் காட்டினேன்.

"மூணுலயும் பாராசிட்டமால்தாம்மா இருக்கு. பேருதான் வேற வேற. எல்லாம் சேந்து அளவு மீறிப் போச்சு. சாப்பாடும் இல்ல. ஈரல் கெட்டிருக்கு."

மூணும் ஒண்ணா? தலைவலின்னா எல்லாரும் போடுற மாத்திரை! அதுவா—

"அளவோட போட்டா நல்ல மருந்துதான்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "வேணும்னே முழுங்கிட்டாரா? கல்யாணம் புடிக்கலையா?"



நவம்பர் 23
ஈரலைக் காக்கும் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. ஊரில் அதற்குள் பேச்சு: மாப்பிள்ளை மருந்தைத் தின்னுட்டானாம், பொண்ணு வேண்டாமாம். யார் கிளப்பியது? பெண் வீட்டில் போனை எடுக்கவில்லை. நான் ஒரு அட்டையைத்தானே நீட்டினேன்... பிள்ளை நல்லாருக்கணும்னுதானே நீட்டுனேன்?

நவம்பர் 24
நிக்காஹ் நாள். ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 26
கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். ஏன் இத்தனை மாத்திரை போட்டான் என்று டாக்டரம்மா அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். இனிப் பயமில்லை என்றார் டாக்டரம்மா.

மத்தியானம் மணப்பெண் சாமியாவே வந்து நின்றாள், பின்னால் முகத்தை இறுக்கிக்கொண்டு அவளைப் பெற்ற அத்தா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே டாக்டரம்மாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, வராந்தாவில் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"அவுங்க என்னைய வேண்டாம்னு முழுங்கல அத்தா. கல்யாணத்துக்கு எந்திரிச்சு வரணும்னு முழுங்கிருக்காங்க."

அந்த மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன்.

ஜனவரி 26, 2025, ஞாயிறு
நிக்காஹ் முடிந்தது. அன்வருக்குப் பிரியாணி வைக்கவில்லை, ரசஞ்சோறுதான். சாமியாவும், "எனக்கும் அதுவே போதும்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.