ஃபைலில் வைக்க வேண்டாம்

கொட்டாஞ்சேனை,
12.06.1999

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். வேறு வழியில்லையே. நாலு ஞாயிறாகப் பின்னேரத்தில், அங்கே உங்களுக்குக் காலை நேரம் பார்த்து, சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய் நம்பரை அடிக்கிறேன். நாலு முறையும் எங்கேஜ். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "தங்கச்சி, உங்கட மனுசன் கனடாவில ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ நடத்திறார்?" என்று கேட்டார். நல்ல காலம், காசு வாங்கவில்லை.

விசா விசயம். ஃபோம் நிரப்பித் தருகிற சண்முகலிங்கம் மாஸ்ரர் சொன்னார், இண்டர்வியூவில் எங்கள் கலியாணம் உண்மையானதா என்றுதான் முதலில் சோதிப்பார்களாம். கலியாணப் படங்களை நம்பமாட்டார்கள். விசாவுக்காக மாலை மாற்றினவர்களிடமும் படம் இருக்கிறது. கடிதமும் ரெலிபோன் பில்லும்தான் கணக்காம். நாங்கள் சேர்ந்திருந்ததோ இருபத்தொரு நாள். ஆகவே திகதி போட்டு, புருசன் பெண்சாதிக்கு எழுதுகிற மாதிரி எழுதுங்கள். போன மாதம் வந்தது ஒன்றரைப் பக்கம், அதில் அரைப் பக்கம் குளிர்.

மருந்துக்கடை வேலை பரவாயில்லை. முதலாளி சம்பளம் கூட்டியிருக்கிறார்.

உங்கள்
அன்ரனெற்

*

மோர்னிங்சைட், ஸ்காபரோ,
03.07.1999

என் உயிரிலும் மேலான அன்ரனெற்றுக்கு,

என் நெஞ்சில் குடியிருக்கும் நிலவொளியே! உம்மைப் பிரிந்த ஒவ்வொரு நாளும் ஒரு யுகமாகக் கழிகிறது. பிளாஸ்ரிக் ஃபக்ரரியில் வேலை செய்யும்போதும் உமது முகமே கண்முன் நிற்கிறது. வேலை முடிந்து வந்தால் சமைப்பேன், செபமாலை சொல்வேன், உமது படத்தைப் பார்த்துக்கொண்டே நித்திரையாவேன்.

ரெலிபோன் லைன் பழுது. திருத்துவதற்குச் சொல்லியிருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உமது ஆருயிர்க் கணவன்
பேனாட்

*

கொட்டாஞ்சேனை,
24.07.1999

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இது யாருக்கு எழுதியது? எனக்கா, எம்பசிக்காரனுக்கா? நிலவொளியே என்று நீங்கள் கூப்பிட்டால் நான் பக்கத்து வீட்டைத்தான் திரும்பிப் பார்ப்பேன். மாஸ்ரருக்குச் சரியான சந்தோசம். "நல்லாயிருக்கு பிள்ளை, இப்பிடி ஆறு கடிதம் விசா ஃபைலில இருந்தால் காணும், போதும்" என்றார். அவருக்குக் காணும், எனக்குக் காணாது.

செப்ரெம்பர் பதினாலாம் திகதி இண்டர்வியூ. மாஸ்ரர் வழக்கமான கேள்விகளைச் சொல்லித் தந்தார். கணவர் எந்தப் பக்கம் படுப்பார், தேத்தண்ணிக்கு எத்தனை சீனி, வேலை முடிந்து வந்தால் என்ன செய்வார். முதலிரண்டும் எனக்குத் தெரியும். மூன்றாவது தெரியாது. சமையலும் செபமாலையும் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வரும், கேள்வி கேட்கிறவர்களுக்கு வராதா? அதோடு மூன்று மாதமாக லைன் பழுது என்றால் நம்ப நான் சின்னப்பிள்ளையில்லை.

பில்லுகளை அனுப்புங்கள். உண்மையையும் அனுப்புங்கள். அங்கே யாராவது இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். எனக்கு இரவில் இதே யோசனை.

உங்கள்
அன்ரனெற்

*

மோர்னிங்சைட்,
14.08.1999

அன்ரனெற்,

இதை ஃபைலில் வைக்க வேண்டாம். வாசித்துவிட்டுக் கிழித்துவிடும்.

அனுப்புவதற்குப் பில்லில் ஒன்றுமில்லை. ஏப்ரலுக்குப் பிறகு நான் இலங்கைக்குக் கோல் எடுக்கவில்லை. லைன் பழுதும் இல்லை. அதைக் கொம்பியூட்டர் பிடித்து வைத்திருக்கிறது. இன்ரநெற் ஓடினால் ரெலிபோன் எங்கேஜ்தான்.

வேறு பெண் இல்லை, சத்தியமாக. இது சீட்டாட்டம். போக்கர் என்று பெயர். வேலையில் கூட இருக்கிற றோய்தான் பழக்கினான். பல தேசத்து ஆட்கள் ஒரு மேசையில் இருப்பதுபோல ஸ்கிரீனில் தெரியும். காசு கிரெடிட் கார்டிலிருந்து போகும். ஏப்ரலில் வென்றேன். உமக்குக் குளிர்கோட்டு வாங்கினது அந்தக் காசில்தான். மே மாதம் தோற்கத் தொடங்கினேன். இன்னும் நிற்கவில்லை.

பிழையாக விளையாடித் தோற்றால் மனம் ஆறும். ஒருநாள் என் கையில் இரண்டு கிங், எதிராளியிடம் இரண்டு ஏழு. கடைசிச் சீட்டு ஏழாக விழுந்தது, வெல்லவேண்டிய காசு முழுக்க அவனுக்குப் போயிற்று. அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் இருக்கிற ஒரு பல் வைத்தியர் அந்த மேசையில் இருந்தார். 'ஹார்ட் லக், பேர்னி' என்று ஸ்கிரீனில் எழுதினார். அங்கே எனக்குப் பெயர் பேர்னி. அன்று முழுக்க என்னோடு பேசின ஒரே ஆள் அவர்தான். நான் பத்து நிமிடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்திப் பார்த்தேன். ஒரு கிழமை விட்டுத் தொடங்கினால் சீட்டு மாறும் என்றான் றோய். மாறவில்லை. கதிரையை மாற்றினேன், போட்டிருந்த சேட்டை மாற்றினேன், சின்னக் காசுக்கு இறங்கினேன், செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டும் இருந்தேன். கர்த்தர் என்ன நினைத்தாரோ. தோற்கத் தோற்க எழும்ப முடியவில்லை. எழும்பினால் அந்தத் தோல்வியோடு தனியாக இந்த அறையில் இருக்கவேண்டும். அதற்குப் பயம்.

நீர் வருவதற்குக் கட்டவேண்டிய லாண்டிங் ஃபீஸைச் சேர்த்து வைத்திருந்தேன். தொள்ளாயிரத்து எழுபத்தைந்து டொலர். அதுவும் போய்விட்டது.

உம்மோடு பேசினால் குரலில் பிடித்துவிடுவீர் என்றுதான் எடுக்கவில்லை.

பேனாட்

*

கொட்டாஞ்சேனை,
20.09.1999

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று நாள் சாப்பிடவில்லை. உங்களை நல்லாகத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அதைத்தான் கிழித்தேன், உங்களுடையதை இல்லை.

இண்டர்வியூ முடிந்தது. வெள்ளைக்கார மனிசியும் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். நிலவொளிக் கடிதத்தைப் புரட்டிவிட்டு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். பில் கேட்டாள், இல்லையென்றேன். பிறகு அந்த மூன்றாவது கேள்வி வந்தது. வேலை முடிந்து வந்தால் உம்முடைய கணவர் என்ன செய்வார்? மாஸ்ரர் சொல்லித் தந்த பதில் வாய்வரை வந்தது. நான் கைப்பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மொழிபெயர்ப்பாளர் சத்தமாகத் தொடங்கி, பாதியில் குரலைக் குறைத்துவிட்டார். முடிந்ததும் அவள் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள், அவர் மேல் கோபமா என்று.

"ஓம், சரியான கோபம்" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

எங்களை நம்பிவிட்டாள். நவம்பர் முப்பதுக்குள் நீங்கள் அங்கே லாண்டிங் ஃபீஸைக் கட்டினால் பாஸ்போட்டில் விசா குத்துவார்கள்.

இனி எனக்காக ஒன்று. என்னுடைய மாமா, தானே கட்டுவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் உழைத்த சம்பளத்தில் கட்டுங்கள், நான் வருவேன். சீட்டில் வென்று கட்டினால் வரமாட்டேன். தோற்றதற்காகச் சொல்லவில்லை. யார்தான் தோற்கவில்லை? அந்த அறைக்கு நான் வந்து, நீங்கள் ஸ்கிரீனைப் பார்க்க, நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது. இங்கே தனியாக இருக்கப் பழகிவிட்டேன். அங்கே ஆளை வைத்துக்கொண்டு தனியாக இருக்க எனக்குத் தெரியாது.

உங்கள்
அன்ரனெற்

*

மோர்னிங்சைட்,
20.11.1999

அன்புள்ள அன்ரனெற்றுக்கு,

ஃபீஸ் கட்டியாயிற்று. ரசீது இதனுடன் இருக்கிறது.

உமது கடிதம் வந்த நாளிலிருந்து சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். மூன்று கிழமை கொம்பியூட்டரில் கை வைக்கவில்லை. நானூற்றுப் பத்து டொலர் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை மெஷின் பழுதென்று காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறுபது டொலருக்கு மட்டும் என்று சீட்டு மேசையில் இருந்தேன். அன்று எதைத் தொட்டாலும் சீட்டு வந்தது. ஐந்து மாதம் வராத சீட்டெல்லாம் வரிசையில் நின்றது. எழும்பும்போது எழுநூறு.

இதை எழுதாமல் விட்டால் உமக்குத் தெரியவராது. ஆனாலும் எழுதுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். வென்றதும் நான் எழும்பி நின்று கை தட்டினேன். பல் வைத்தியர் 'வெல்கம் பாக், பேர்னி' என்று எழுதினார். அவருக்கு நன்றி எழுதினேன். தேத்தண்ணி போட்டேன், ஆடின ஆட்டங்களையெல்லாம் மனதில் திரும்ப ஆடிப் பார்த்தேன். இந்தக் காசோடு ஃபீஸ் சரிவரும், நீர் வரலாம் என்ற நினைப்பு வர அரை மணித்தியாலம் ஆயிற்று.

வென்ற காசுக்குச் செக் வர மூன்று கிழமை எடுத்தது. சம்பளக் காசோடு சேர்த்துக் கட்டினேன். நீர் கேட்டது இதுவல்ல என்று தெரியும். திகதி நெருங்கிவிட்டது, வேறு வழி தெரியவில்லை. கொம்பியூட்டரை றோயிடம் கொடுத்துவிட்டேன். கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். வாரும், அன்ரனெற். எனக்கு இங்கே ஒருவருமில்லை.

உமது
பேனாட்

*

கொட்டாஞ்சேனை,
12.12.1999

அன்புள்ள பேனாட்,

கடிதமும் ரசீதும் கிடைத்தன. கொம்பியூட்டரைக் கொடுத்தது நல்லது. கட்டிலை யன்னலோடு போடாதீர்கள், குளிர் ஏறும்.

எம்பசியிலிருந்து பாஸ்போட்டைக் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் அனுப்பவில்லை. நான் கனடாவுக்கு வரவில்லையென்று பதில் போட்டுவிட்டேன். மாமா பேசுவதில்லை. மாஸ்ரர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

சீட்டுக் காசில் கட்டினதைப் பொறுத்திருப்பேன். வீறாப்பாகச் சொன்னேன், ரசீதைக் கண்டதும் மனம் இளகித்தான் போயிற்று. சேலைகளைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு அந்த அரை மணித்தியாலத்தைத் திரும்ப வாசித்தேன். அதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் இப்போது பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பேன். எழுதினீர்களே, அதற்காகத்தான் உங்கள் மேல் எனக்கு இன்னும் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்குள் வந்து குடியிருக்க என்னால் முடியாது.

வராதவர்களுக்கு லாண்டிங் ஃபீஸைத் திருப்பித் தருவார்களாம். கேட்டு வாங்குங்கள். அதை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

அன்ரனெற்