அடுப்பில் வைத்த தோட்டாக் கூடுகள்

நாள் 412 – 07:10
மூன்றாம் நிலையம், ஆயுதப் பட்டறை. எழுதுவது பூங்கோதை. இங்கே நான் ஒருத்திதான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பாறைப்பன்றிகள் நெருங்காமல் தண்ணீர் ஊற்றுக்குக் காவலாகச் செல்லக்கண்ணு. கமாண்டர் புருஷோத்தமன் மேலே, இந்தக் கோளைச் சுற்றிவரும் கப்பலில்.

புதுத் தோட்டா வருவது நின்று ஓராண்டு. சுட்ட பித்தளைக் கூடுகளைத்தான் திரும்ப நிரப்புகிறோம். திரும்பத் திரும்பச் சுட்டால் கூட்டின் கழுத்து விறைத்துக் கீறல் விடும். அதனால் கூட்டைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, கழுத்துக்கு மட்டும் தீ காட்டி இளக்க வேண்டும். அடிப்பாகம் சூடாகவே கூடாது. வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கெட்டியான அடிதான். முப்பத்தாறு முடித்துச் செல்லக்கண்ணுவுக்கு ட்ரோனில் அனுப்பினேன். பாக்கி இருநூற்று நான்கு.

நாள் 413 – 09:25
கமாண்டர் அழைத்தார். "ஒண்ணொண்ணா எதுக்கும்மா தாலாட்டிட்டு இருக்கே? மொத்தத்தையும் அடுப்புல போட்டு எடு. அரை மணி நேர வேலை."

அடி இளகிவிடும், கூடு கிழிந்து சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும் என்றேன். இரண்டு முறை சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். எதைப் பார்ப்பது? சுடப்போவது அவரில்லையே. முடியாது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

நாள் 414 – 13:40
பாவி மனுஷன்! நான் சூரியத்தகடு துடைக்க வெளியே போயிருந்த நேரத்தில், கப்பலிலிருந்தே பட்டறையின் இயந்திரக் கையை ஓட்டியிருக்கிறார். இருநூற்று நான்கும் அடுப்பில் வெந்து, மருந்தும் நிரப்பியாயிற்று. நூற்று எண்பதை ட்ரோன் ஊற்றுக்குக் கொண்டு போய்விட்டது. மிச்சம் மேசையில். ஒன்றைப் பிரித்து, அடியை இடுக்கியால் அமுக்கினேன். தகரம்போல நசுங்கியது.

13:52
புதிதாக வந்ததைத் தொடாதே என்று ரேடியோவில் செல்லக்கண்ணுவிடம் கத்தினேன். பதில்: "அக்கா, பாறைப்பன்னி அம்பது அறுபது சுத்தி நிக்குது. கதவ முட்டுது. நீங்க அனுப்புன முப்பத்தாறும் தீந்துபோச்சு. என்னய என்ன செய்யச் சொல்றீக?"



14:03
ரேடியோவில் ஒரு வெடி. துப்பாக்கி சுடும் சத்தம் அப்படி இருக்காது. "அக்கா, கண்ணு… கண்ணு தெரியல…" பிறகு கதவு உடைந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நாள் 415 – 08:15
கமாண்டர்: "துப்பாக்கிய அவன் சரியா பராமரிக்கலன்னு அறிக்கை எழுதிடு."

இருபத்தாறு வயது அவனுக்கு. தினமும் துப்பாக்கியைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிடுவான். எழுத மாட்டேன்.

நாள் 416 – 10:30
கமாண்டர்: "தண்ணி இல்லாம ஓட்ட முடியாது. நாளைக்கு நானே ஊத்துக்கு இறங்குறேன். இருபது தோட்டா வேணும்." பிறகு, "அடுப்பு வேணாம்மா. எனக்கு நீயே கையால ஒண்ணொண்ணா பண்ணிக் குடு."

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"சரி சார்" என்றேன்.

11:05
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: யாராவது விபத்து என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

மேசையில் மிஞ்சிக் கிடந்த அடுப்புத் தோட்டாக்களில் இருபதைப் பளபளவென்று துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். மேலே 'கையால் இளக்கியது' என்று எழுதி ஒட்டி, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன்.