மயங்காத கதாநாயகி

மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவிக்கிறேன், அண்ணி: நம் வீட்டுக் கறுப்புக்கோழி நேற்று முதல் ரோமாபுரித் தளபதியின் தலைக்கவசத்தில் அடைகாக்கிறது. நாட்டு மக்கள் அமைதி காக்கவும்.

திருவிழா நாடகத்துக்காக அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டி நாம் செய்த அதே கவசம்தான். கோழியை விரட்டப் போனவன் பசை வாசனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

அண்ணன் உங்களை மடக்கிக் கிறிஸ்தவ வேதத்துக்கு இழுத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. குடையையே மடக்கத் தெரியாதவன் அண்ணன்! செம்மநத்தத்திலிருந்து எஸ்டேட்டுக்குக் காப்பிப்பழம் பறிக்க வந்த நீங்கள் வேதக்கோயிலுக்கு வந்தது முதலில். அவனைப் பார்த்தது அப்புறம். "பாட்டுல ஒரு கொரலு மட்டும் தனியா இழுத்துது சாமி. ஆருன்னு திரும்பிப் பாத்தேன், அவ்ளோதான்" என்பீர்கள்.

உங்கள் அப்பா நம்பவில்லை. மகளை யாரோ மயக்கிக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று கல்யாணத்திலிருந்தே பேச்சை நிறுத்திவிட்டார். திருவிழா நாடகத்துக்கு நீங்கள் சொல்லியனுப்பியபோதும் வருவாரா என்பது சந்தேகம்தான். வந்தார். கடைசி வரிசையில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கோயில் உபதேசியார் எழுதிய நாடகத்தில், தளபதியின் மகளான நீங்கள் கிறிஸ்தவ வாலிபனைக் கண்டதும் காதலில் மயங்கி விழ வேண்டும். அவன் தூக்கிப்போய் ஞானஸ்நானத் தொட்டியருகே நிறுத்த வேண்டும். ஒத்திகையிலேயே கேட்டீர்கள்: "ஏனுங்க உபதேசியாரே, மயங்கிக் கெடக்கறவ என்னத்த விசுவசிப்பா?"

"பழைய கதைம்மா, அப்படித்தான் இருக்கும்."

மேடையில் நீங்கள் மயங்கவில்லை. கை நீட்டிய வாலிபனை விலக்கிவிட்டுத் தொட்டிவரை தனியாக நடந்தீர்கள். மைக்கில் அசல் செம்மநத்தத்துப் பேச்சு கேட்டது: "என்னை ஆரும் கூட்டியாரலீங்க. நானாத்தான் வந்தனுங்க."

நாடகம் முடிந்ததும் உங்கள் அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"நெசமா நீயாத்தான் போனியா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏமாந்த புள்ளையப் பெத்துட்டம்னு தலை குனிஞ்சு கெடந்தேன். கோவம் இன்னும் போகல. நாளைக்கு உங்க ஊட்டுக்கே வந்து, ஒக்காந்து திட்டறேன்."

வந்தார், பலாப்பழத்தோடு. ரொம்ப நேரம் திட்டவும் செய்தார். நீங்கள் சுளை எடுத்துக்கொண்டே சிரித்தீர்கள்.

இன்றும் எவனாவது "காதலால் மதம் மாறிய பெண்" என்று உங்களைப் பற்றி ஆரம்பித்தால் விடுவதில்லை. ஒண்டிக்கடை சந்திப்பில் நின்று முழு நாடகத்தையும் நடித்துக் காட்டுகிறேன். "எங்க அண்ணிங்க!" என்று மார் தட்டுகிறேன். அந்த வசனத்தைத் திரைமறைவிலிருந்து எடுத்துக்கொடுத்ததே நான்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் எப்படிப் புளுகுவது, அண்ணி? வசனத்தாளோடு திரைக்குப் பின்னால் நின்றவன் நான்தான். ஆனால் தொண்டை கிழிய நான் எடுத்துக்கொடுத்தது, "மயங்குங்க அண்ணி... ஐயோ, சீக்கிரம் மயங்குங்க!"