மருமகள் கஃபேக்குப் போன காரணம்

என் நூமானுக்கு,

இறைவன் உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும். இங்கே நெஃப்தாவில் பேரீச்சை அறுவடை முடிந்துவிட்டது. என் இடுப்புவலிதான் முடியவில்லை.

அந்தக் குளிர் தேசத்தில் உனக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று உன் மனைவியை முன்னால் அனுப்பிவைத்தாய். வந்த நாள் முதலே எனக்குள் ஓர் உறுத்தல். ஹெட்விகா குஸ்குஸை இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. தேநீரில் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுகிறாள். தண்ணீர்கூட வேண்டாமாம். நான் எதையாவது கலந்துவிடுவேன் என்று பயப்படுகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

அது போதாதென்று, காலையும் மாலையும் தோள்பையை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கேட்டால் நடக்கப்போவதாகச் சொல்வாள். அடுத்த வீட்டு ஷாத்லியா சும்மா இருப்பாளா?

"பஸ் ஸ்டாண்டு கஃபேக்குள்ள போறா உன் மருமக. ஆம்பளைங்க சீட்டாடுற இடம். அங்க யாரு காத்திருக்கான்னு கேட்டியா?" என்றாள்.

"உன் வேலையப் பாருடி" என்று கதவைச் சாத்தினேன். ஆனால் அன்றைக்கு அடுப்பிலிருந்த சோர்பா சூப் தீய்ந்துபோனது.

மறுநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கஃபேயின் பின்பக்கம் போனாள். கதவருகே காத்து நின்றேன். வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் வெளிறிப்போனாள். பையைப் பிடுங்கித் திறந்தேன். உள்ளே காகிதச் சுருள்கள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். உட்காரும் பீங்கான் கழிப்பறை.

"எங்க வீட்டுக் கக்கூஸ் உனக்கு அருவருப்பா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். சாக்குத் தைத்ததுபோல் நீளமான தழும்பு. தெரிந்த நாலு வார்த்தை அரபியில் சொன்னாள்: "அம்மா, முட்டி மடங்காது. உள்ள இரும்பு. குந்தினா எந்திரிக்க முடியாது. சொல்ல வெட்கம்."

அதனால்தான் பட்டினி, தாகம் எல்லாம். என் வீட்டில், என் கண்ணெதிரே!

நம் பழைய நாற்காலியைத் தச்சன் ஹம்மாதியிடம் கொண்டுபோய், நடுவில் வட்டமாக அறுக்கச் சொன்னேன். "என்ன அத்தை, சிம்மாசனமா?" என்றான். "ராணி வந்திருக்காடா, பேசாம அறு" என்றேன். இப்போது அதைக் கக்கூஸ் குழிக்கு மேல் போட்டிருக்கிறோம். தண்ணீர்க் குழாயை மட்டும் அவள் இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கிறாள். தேநீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

நேற்று பட்டாணி உரிக்கும்போது, கால் எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். "போன குளிர்காலம், கார் விபத்து. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குக் காய்ச்சல் என்றுதானே நீ எனக்குச் சொன்னாய், மகனே?

"யாரு ஓட்டினது?" என்றேன்.

"ரோட்டுல பனி, அம்மா" என்றாள். அவ்வளவுதான். நானும் திரும்பக் கேட்கவில்லை.

நீ வரும்போது தூனிஸில் இறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டிக்கொண்டு வராதே. பஸ்ஸில் வா. எவ்வளவு நேரமானாலும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் காத்திருப்போம்.

உன் அம்மா,
மப்ரூகா