அத்தை சொன்ன பாஸ்வேர்டு

சனிக்கிழமை, இரவு

பாப்பாவின் பள்ளி விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. என் போனை அவள் தண்ணீர்க் குடத்தில் போட்டதிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கதி. அதில் நெட் விட்டு விட்டு வந்தது. சரிசெய்கிறேன் பேர்வழி என்று நெட்வொர்க் ரீசெட்டை அழுத்தினேன். வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துபோனது. அவரும் மாமாவும் மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிருந்தார்கள். அத்தையின் போனிலிருந்து கூப்பிட்டால் இருவருக்குமே லைன் போகவில்லை.

"இதுக்கா கண்ணு அழுவுற? நெட்டு போட வந்தவரு ஊட்டுப் பெரியவர் பேரை வெக்கலாம்னாரு. நாந்தான் சொன்னேன்" என்றார் அத்தை.

மாமா பெயர் பழனியப்பன். ஆங்கிலத்தில் ஒன்பது விதமாக அடித்துப் பார்த்தேன். எதையும் ஏற்கவில்லை. மணி நாலே முக்கால். அப்போதுதான் உறைத்தது. அத்தை மாமாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அத்தை, நெட்டு போட வந்தவர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"நல்லாக் கேட்ட போ. பேரை நான் எப்படிச் சொல்றது? அவுங்கதான்னு சொன்னேன். அவரும் எழுதிக்கிட்டாரு."

ஆங்கில எழுத்தில் 'அவுங்கதான்' என்று அடித்தேன். இரண்டாவது தடவையில் நெட் வந்துவிட்டது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் விண்ணப்பமும் போய்விட்டது.

நிம்மதியாகப் படுத்தவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் இல்லை, காலையில்தான் திறந்து பார்க்க முடியும். 'தந்தை பெயர்' கட்டத்தில் இவர் பெயரை அடித்தேனா, அதே வேகத்தில் 'அவுங்கதான்' என்று அடித்தேனா, நினைவில்லை.